எல்லோரும் செக்கரியா-1

1

பெயர் என்பது கடவுள் மனிதனோடு செய்துகொண்ட முதல் உடன்படிக்கை. ஒருவனைப் பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் படைப்பு இன்னொரு முறை நிகழ்கிறது. உலகில் எந்த இரண்டு உயிருக்கும் ஒரே அழைப்பு இல்லை.

இந்த வாக்கியங்கள் என்னுடையவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள்வருகை எழுதும் ரைட்டராக இருக்கும் அருள்சாமி எழுதியவை. ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் இரண்டு டீயும் இரண்டு தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு, பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பன்னை மென்றுகொண்டிருந்தேன். அடுத்த வரியையும் வாசித்தார்.

"ஆயினும் விவிலியத்தில் செக்கரியா என்ற பெயரில் மட்டும் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள்."*

இந்தக் கதை அந்த 'ஆயினும்' என்ற சொல்லில் பிறந்தது. எதற்காக என்னிடம் வந்தார் என்று கேட்டேன்.

"நீங்களும் ரைட்டரு, நானும் ரைட்டருங்க. வந்த ஆளை நான் எழுதறேன், வராத ஆளை நீங்க எழுதறீங்க. கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்றார்.

இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். என் தொழிலை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. டீக்கு நானே காசு கொடுத்தேன்.

(* முப்பத்தொன்று என்பது அருள்சாமியின் எண்ணிக்கை. படித்தவர்கள் எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கூடும், குறையும். "அவங்க புஸ்தகத்தைப் பார்த்து எண்ணறாங்க. நான் ஆளைப் பார்த்து எண்ணறேன்" என்பது இதற்கு அவருடைய விளக்கம்.)

2

முதல் தொடக்கம்: "சேர்வராயன் மலைமீது மூடுபனி ஒரு வெள்ளைப் போர்வையைப்போல—"

நிறுத்திவிட்டேன். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதே போர்வையைத்தான் எடுத்து உதறுகிறார்கள். இந்தக் கதை நடந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். எஸ்டேட் சிற்றாலயத்து ஃபாதரே குடை பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

இரண்டாம் தொடக்கம்: "செக்கரியா பொழுது விடியுமுன் எழுந்து, கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு—"

இதில் ரைட்டருக்கே செக்கரியா என்று பெயர் வைத்திருந்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தது. அருள்சாமியிடம் காட்டினேன். அவர் முதல் வரியிலேயே விரலை வைத்துவிட்டார்.

"எந்தச் செக்கரியாங்க?"

"நீங்கதானுங்க. கதைக்காகப் பேரை மாத்தியிருக்கேன்."

"என் பேரையே போட்டுடுங்க. முப்பத்தொண்ணை எண்ணி முடிக்கறதுக்குள்ள என் முடி கொட்டிப்போச்சு. நீங்க முப்பத்திரண்டாவதைக் கொண்டாந்து உட்டுடாதீங்க."

ஆகவே அவர் அருள்சாமியாகவே இருக்கிறார். கேட்டுக்கொண்டபடி, அவருடைய முடியைப் பற்றி இனி எதுவும் இல்லை.

மூன்றாம் தொடக்கம் ஒரு கட்டுரைபோல இருக்கும். அதில் பாதியை மட்டும் விட்டுவைக்கிறேன். எபிரேயர்கள் பெயருக்குப் பஞ்சப்பட்டவர்கள் அல்ல. ஆனாலும் பிடித்த பெயரை விடமாட்டார்கள். மெசுல்லாம் என்று இருபது பேர் தேறுவார்கள். ஒருவரையும் நமக்கு நினைவில்லை. ஏனோக்கு இருவர். ஒருவன் காயின் பெற்ற மகன், இன்னொருவர் கடவுளோடு நடந்தவர். சவுல் இருவர். ஒருவன் அரசன், இன்னொருவர் பிற்பாடு வேறு பெயரால் பேர்பெற்றார். யூதா என்ற பெயரில்தான் பாவம் அதிகம். காட்டிக்கொடுத்தவனும் அதே பெயர், காட்டிக்கொடுக்காத திருத்தூதரும் அதே பெயர். இரண்டாமவர் வாய் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். அதை எழுதிய நற்செய்தியாளர் கேள்விக்கு முன்பாகவே 'இவர் இஸ்காரியோத்து அல்ல' என்று குறித்துவிட்டுத்தான் மேலே போகிறார். வாழ்நாள் முழுக்க 'அந்த ஆள் நான் இல்லீங்க' என்றே அறிமுகமாக வேண்டிய மனிதர்.

மீதிப் பாதியில் மேற்கோள்கள்தான் இருந்தன. எடுத்துவிட்டேன்.

3

ஒரே பெயரில் பல பேர் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு உலகத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன.

விவிலியத்தின் வழி, இன்னாருடைய மகன் என்பது. யோயாதாவின் மகன் செக்கரியா, பெரக்கியாவின் மகன் செக்கரியா. வாழவந்திப் பக்கம் மலையிலேயே காலங்காலமாகக் குடியிருக்கும் விவசாயிகளின் வழி, நிலத்தைச் சொல்வது. ஆரஞ்சுக்காட்டு ஐயாக்கண்ணு, பலாமரத்து ஐயாக்கண்ணு. பலாமரத்தை வெட்டி எட்டு வருடம் ஆகிறது. ஐயாக்கண்ணு இன்னும் பலாமரத்துக்காரர்தான்.

மூன்றாவது, எஸ்டேட் வழி. எண் போடுவது.

அருள்சாமியின் எஸ்டேட்டில் நூற்றுப் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் பாட்டன் காலத்தில் சமவெளியிலிருந்து ஏறி வந்த குடும்பங்கள். குலசாமி பெயரையே சுற்றிச் சுற்றி வைத்ததில் காளியப்பன் என்று நாலு பேர். தினமும் காலையில் ரைட்டர் வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். செக்ரோல் என்பார்கள். 'காளியப்பன் ஒண்ணு, காளியப்பன் ரெண்டு' என்று கூப்பிடுவார். யார் முதலில் வேலையில் சேர்ந்தாரோ அவர் ஒன்று.

விதி இதுதான். ஒன்று போய்விட்டால், அது ஓய்வோ, மகன் வீட்டுக்குப் போவதோ, சாவோ, இரண்டு ஒன்றாகும். மூன்று இரண்டாகும். மறுநாள் காலை கூப்பிடும்போது எல்லோரும் ஒரு படி மேலே நிற்பார்கள்.

வெறும் எண்தானே என்று நினைக்கக்கூடாது. ஒற்றைப் பெயர்க்காரர்களையும் ஒன்றாம் எண்காரர்களையும் முதலில் கூப்பிடுவார்கள். அவர்களுக்குப் பாதை ஓரத்து வரிசை கிடைக்கும். பழம் பறித்து, மூட்டையை இரண்டு எட்டில் பாதையில் இறக்கிவிடலாம். அப்புறம்தான் இரண்டாம் எண்காரர்கள். அவர்களுக்குச் சரிவில் கீழ் வரிசை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வரவேண்டும்.

அருள்சாமி இதில் கறார். மூத்த காளியப்பன் இறந்த அன்று, மாலை வாங்கப் போகுமுன்பே மீதிக் காளியப்பன்களுக்கு எண் மாற்றிவிட்டார். ஃபாதர்கூட இது கொஞ்சம் அவசரம் என்று சொல்லிப் பார்த்தார்.

"செத்தவன் நம்பரைப் புடிச்சுக்கிட்டு இருந்தா, உசுரோட இருக்கறவன் எப்பங்க மேல வருவான்?" என்றார் அருள்சாமி. ஃபாதரிடம் பதில் இருந்திருந்தால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் வந்திருக்கும்.

இந்த இடத்தில் சென்னம்மாளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பின்னால் இவள்தான் கதையைக் கெடுக்கப்போகிறாள். செக்ரோலில் சென்னம்மாள்-2. ஐம்பது வயது இருக்கும். இருபத்திரண்டு வருடமாகப் பழம் பறிக்கிறாள். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

"நான் பொறந்தது ரெண்டாவதுங்க. வாக்கப்பட்டது ரெண்டாந்தாரமுங்க. எஸ்டேட்லயும் ரெண்டு. எமன் வந்தாலும் 'மொதல் ஆளு எங்கம்மா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிருவான். எனக்குச் சாவே இல்லீங்க" என்பாள்.

4

இந்த விதியைத்தான் அருள்சாமி விவிலியத்தின் ஒரே பெயர்க்காரர்களுக்குப் போட்டார்.

பதினொரு வருடம், பதினொரு நோட்டு. வேறு எந்தக் காகிதத்திலும் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. ஆகவே மிச்சம் கிடந்த பழைய செக்ரோல் நோட்டுகளிலேயே எழுதினார். அரசர், குரு, இறைவாக்கினர் எல்லோருடைய பெயருக்கும் நேராக மாதத்தின் முப்பத்தொரு நாளுக்கும் கட்டங்கள் இருந்தன. (ஒரு பக்கத்தில் இறைவாக்கினர் செக்கரியாவுக்கு எட்டுக் கட்டங்களில் டிக் இருந்தது. கண்ட காட்சிக்கு ஒன்றாம். கை தன்னால் போட்டுவிட்டதாகச் சொன்னார்.)

ஒரு செக்கரியா இறந்தால் அடுத்த செக்கரியா செக்கரியா-1. தாவீதின் காலத்தில் யாழ் வாசித்தவர் ஒருவர், எக்காளம் ஊதியவர் ஒருவர், வாசல் காத்தவர் ஒருவர். இவர்கள் ஒரே காலத்தவர்கள் என்பதால் 1, 2, 3. மற்றபடி காலம் விட்டுக் காலம் வந்தவர்கள் எல்லோரும் அவரவர் முறை வந்தபோது செக்கரியா-1 ஆகிவிட்டார்கள். நாற்பது பக்கத்துக்குப் பத்திக்குப் பத்தி செக்கரியா-1 என்று வரும். ஒவ்வொன்றும் வேறு ஆள். முதல் பக்கத்தில் விதி தெளிவாக எழுதியிருக்கிறது. முதல் பக்கத்தைப் படித்தவனுக்கு ஒரு குழப்பமும் வராது.

அவர் மனைவி கண்ணம்மாள் படித்ததில்லை. கேட்டதுண்டு.

"இன்னைக்கு எத்தனை பேரு வேலைக்கு வந்தாங்க உங்க பைபிள்ல?"

"வெளையாடாத."

"முப்பத்தொரு பேரைப் பேர் சொல்லிக் கூப்புடறீங்க. கட்டுனவளை 'இந்தா'ங்கறீங்க. எனக்கும் ஒரு நம்பரைப் போட்டுக் கூப்புடுங்களேன்."

"ஊட்டுல ஒத்தை ஆளு. நம்பரு எதுக்கு?"

"ஒத்தை ஆளுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பீரோவுல வெச்சுக்கறேன்."

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி அருள்சாமி ஓய்வுபெறுகிறார். அதற்குள் இது புத்தகமாகிவிட வேண்டும். இல்லாவிட்டால் நோட்டுகள் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வரும் ரைட்டர், தலைப்பைப் பார்க்காமல், பழைய செக்ரோல் என்று குடோனில் போட்டுவிடுவார். செக்ரோல் மாதிரியே இருக்கிறது, யாரைக் குற்றம் சொல்ல? பதினொரு வருடம் சாக்குமூட்டைக்கு அடியில் போகும். சேலத்து அச்சகத்தில் பேசிவிட்டார். பாக்கி ஒன்றுதான், அணிந்துரை. முனைவர் ஒருவருடைய அணிந்துரை இல்லாத புத்தகம் ரசீதுப் புத்தகம் மாதிரி என்று அச்சகத்துக்காரர் சொல்லியிருந்தார்.

(என்னைக் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவரிடம் கேட்டேன். "நீங்க முனைவரா?" என்றார்.)

5

அணிந்துரை எழுத ஒப்புக்கொண்ட முனைவர் ஆரோக்கியதாஸைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மனிதரைப் பற்றி அல்ல, நான் எழுதியதைப் பற்றி.

முதலில் எழுதியபோது அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, தங்க ஃப்ரேம் கண்ணாடி மாட்டி, பை தூக்க ஓர் ஆளையும் கொடுத்திருந்தேன். இப்படிப்பட்ட கதையில் இப்படி ஒருவர் வந்தால் வாசகருக்குச் சௌகரியம், சிரிக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும். உண்மையில் அவர் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மேடையில் விட்டால் மட்டும் குரல் மாறிவிடும். சுற்றுவட்டாரத்துத் திருவிழா எதுவும் அவருடைய சிறப்புரை இல்லாமல் நடக்காது. நோட்டீஸில் 'விவிலியப் பேரொளி' என்று போடுவார்கள். முனைவர் பட்டம் அவர் வாங்கியது காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கும் வண்டைப் பற்றி. அவர் இதை மறைத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அருள்சாமி அவருக்குச் செக்கரியா நோட்டை நகலெடுத்துத் தபாலில் அனுப்பியிருந்தார். எஸ்டேட் சிற்றாலயத்துத் திருவிழாவில் சிறப்புரையும் அவர்தான். அணிந்துரையைக் கையோடு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்.

அவர் நகலைப் பிரித்தது அன்றைக்குக் காலையில், சேலத்திலிருந்து ஏறும் ஜீப்பில். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைப் புரட்டும். இரண்டு வளைவுக்கு நடுவே படித்தார். முதல் பக்கத்தை எடுத்தபோது முதல் வளைவு வந்துவிட்டது. கண் திறந்தபோது இரண்டாம் பக்கம் இருந்தது.

ஏறி முடித்ததும், ஃபாதர் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் அணிந்துரையை எழுதி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெள்ளைக் காகிதத்தின் ஒரு முனை வெளியே தெரிந்தது. அருள்சாமி அன்று முற்பகல் முழுவதும் அந்த முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

பூசை முடிந்தது. ஆலயத்துக்கு வெளியே பந்தலில் ஜனம். சில்வர் ஓக் மரத்தடியில் எஸ்டேட் ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாரியம்மன் நோம்பிக்கு அருள்சாமி வருவார், செபஸ்தியார் திருவிழாவுக்கு அவர்கள் வருவார்கள். பின்பக்கம் கறி வெந்துகொண்டிருந்தது. நான் மூன்றாம் வரிசையில், வாசனை நன்றாக வருகிற இடத்தில் இருந்தேன். அருள்சாமி முதல் வரிசையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தார்.

முனைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பானவர்களே, இன்று உங்களுக்கு ஒரு மாமனிதரை அறிமுகம் செய்யப்போகிறேன். உங்கள் எஸ்டேட்டின் முத்து, திரு. அருள்சாமி அவர்கள் பதினோரு ஆண்டுகள் தவமிருந்து மீட்டெடுத்த ஒரு வாழ்க்கை வரலாறு. அவர்தான் செக்கரியா. முதலாம் செக்கரியா."

அருள்சாமி 'வாழ்க்கை வரலாறு' என்ற சொல்லில் லேசாகத் திடுக்கிட்டார். மேடைப்பேச்சு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"இளமையில் தாவீதின் முன்னால் யாழ் வாசித்தார். ஆனால் கலைஞன் என்ற கர்வம் உண்டா? இல்லை. கோயில் பணி என்றதும் குருவானார். மன்னன் யோவாசின் முகத்துக்கு நேரே உண்மையைப் பேசினார். என்ன செய்தார்கள்? ஆண்டவருடைய இல்லத்து முற்றத்திலேயே கல்லால் எறிந்தார்கள்."

மரத்தடியில் பெண்கள் 'ச்சொ' என்றார்கள். சென்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முனைவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். இதோ, இப்போது 'இன்னொரு செக்கரியா' என்று சொல்லப்போகிறார் என்று அருள்சாமி முன்னால் குனிந்தார்.

"கல்லெறிந்தவர்கள் கலைந்துபோனார்கள். செக்கரியா எங்கே? கல்லறையிலா? இல்லை அன்பானவர்களே. சமாரியாவின் அரியணையில். ஆறு மாதம் ஆண்டார். சல்லூம் என்ற துரோகி மக்கள் முன்னிலையில் அவரை வெட்டிச் சாய்த்தான். சாய்ந்தாரா? எசாயாவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட எழுந்து வந்தார்."

மரத்தடியில் ஒருவன் விசிலடித்தான். ஜனத்துக்குப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தனை தடவை அடிபட்டும் எழுந்து வருகிறவரைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்? அரசனாக இருந்தவர் பிற்பாடு குதிரைகளைக் காட்சியில் கண்டார், பறக்கும் ஏட்டுச்சுருளைக் கண்டார், கடைசியில் தள்ளாத வயதில் வானதூதரை நம்பாமல் ஊமையாகி, ஒரு பிள்ளைக்கும் தகப்பனானார். அந்தப் பிள்ளைதான் திருமுழுக்கு யோவான் என்றபோது கைதட்டல் எழுந்து அடங்க அரை நிமிடம் ஆனது.

கைதட்டாதவர்கள் இருவர். ஒருவர் அருள்சாமி. தான் எண்ணிச் சேர்த்த முப்பத்தொரு பேரும் கண்ணெதிரே ஒரே ஆளாகச் சுருங்கிப்போனதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து 'தப்புங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்த வெள்ளை முனை சட்டைப்பையிலேயே சேலத்துக்கு இறங்கிவிடும். புத்தகம் குடோனுக்குப் போகும். சொல்லாவிட்டால் புத்தகம் வரும். உள்ளே இருப்பவர்கள்தான் போய்விடுவார்கள்.

இன்னொருத்தி சென்னம்மாள். கண்ணைத் துடைத்த முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

7

(இந்த இடத்தில் சென்னம்மாளுக்கு ஒரு நீண்ட வசனம் எழுதியிருந்தேன். 'கல்வி அறிவில்லாத இந்த ஏழையின்—' என்று தொடங்கும். அவளிடம் படித்துக் காட்டினேன். "இது யாருங்க பேசறது?" என்றாள். அடித்துவிட்டேன். நடந்ததைத் தருகிறேன்.)

"ஏனுங்கய்யா, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்கள் அம்மா."

"கல்லால அடிச்சாங்கன்னீங்களே. அதுல அவரு செத்தாருங்களா, இல்லீங்களா?"

முனைவர் புன்னகைத்தார். "உடலளவில் பார்த்தால்..."

"ஒடம்புதானுங்களே சாகும்."

மரத்தடியில் சிரிப்பு. ஃபாதர் குடையை மடக்கி, மறுபடி விரித்தார்.

"செத்துட்டாருன்னா, அப்பறம் ராசாவா வந்தது அவரு இல்லீங்க. வேற ஆளு. ஒண்ணு போனா ரெண்டு ஒண்ணாயிடுமுங்க. நம்பரு அதேதான், ஆளுதான் வேற. எங்க ரைட்டரய்யா அப்படித்தான் எழுதுவாரு. அதுல அவரு நொம்பக் கறாருங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் முனைவரைப் பார்க்கவில்லை. அருள்சாமியைப் பார்த்தாள்.

மரத்தடியில் ஒரே நொடியில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பதினொரு நோட்டில் எழுதியும், அச்சகத்துக்காரருக்கு நாலு தடவை சொல்லியும் விளங்காத விஷயம்.

"அட, நம்ம காளியப்பன் மாதிரியா."

"அப்ப அடிபட்டவரு வேற, வெட்டுப்பட்டவரு வேறயா? நான் ஒருத்தருக்கே அழுதுட்டு இருந்தேன்."

"இன்னொருக்கா அழு. கறி வேக நேரமிருக்குது."

முனைவர் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரைக் கோபக்காரராக எழுதினால் கதைக்கு நல்லது. ஆனால் அவர் வண்டுகளோடு இருபது வருடம் இருந்தவர், ஒரே மாதிரி தெரிவதெல்லாம் ஒரே வண்டு அல்ல என்று தெரிந்தவர். மேடையை விட்டு இறங்கி வந்து, அருள்சாமி முன்னால் ஒலிபெருக்கியை நீட்டினார்.

"நீங்களே சொல்லிவிடுங்கள் ஐயா. ஒருவரா, பலரா?"

அருள்சாமி எழுந்தார். வாயைத் திறந்தார். சென்னம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

8

இப்போது முடிவுகள்.

முடிவு அ: அருள்சாமி நிமிர்ந்து, "முப்பத்தொரு பேருங்க" என்கிறார். முனைவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கிழித்து— (கிழிக்க மாட்டார். பின்பக்கம் யாரோ ஒருவருடைய தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருந்தார்.)

முடிவு ஆ: "ஒரே ஆளுதானுங்க" என்கிறார். அணிந்துரை கிடைக்கிறது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் விட்டுப்போன முப்பது செக்கரியாக்களும் வந்து அவர் வீட்டு வாசலில் வரிசையாக நின்று— (அருள்சாமி படித்துவிட்டு, "நிக்கட்டும், பேர் கூப்புடறது எனக்குப் புதுசா?" என்றார்.)

முடிவு இ: ஊமையான செக்கரியா பலகை வாங்கி மகன் பெயரை எழுதியதுபோல, அருள்சாமியும் ஒரு சிலேட்டைக் கேட்டு வாங்கி— (அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே நம்பவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். கறி இறங்கிவிட்டது என்று பின்பக்கத்திலிருந்து சொன்னார்கள். ஃபாதர் சட்டென்று உணவுக்கு முன் செபத்தைச் சொன்னார். அவ்வளவு வேகமாக 'ஆமென்' சொன்ன ஜனத்தை நான் பார்த்ததில்லை. பந்தியில் முனைவர் சென்னம்மாளைத் தன் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, காளியப்பன்கள் எத்தனை பேர், எண் எப்படி மாறும் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். இரண்டாம் முறை குழம்பு வாங்கும்போதும் கேட்டார். கை கழுவிவிட்டு அணிந்துரையை எடுத்து அருள்சாமியிடம் கொடுத்தார். "இதைத் திருத்தித் தரட்டுமா? இல்லை, இப்படியே இருக்கட்டுமா? அவசரம் என்றீர்களே" என்று கேட்டார்.

அருள்சாமி தலையை ஆட்டினார். எந்தக் கேள்விக்கு என்று தெரியவில்லை. ஜீப் கிளம்பிவிட்டது.

அணிந்துரை என்னிடம் இருக்கிறது. ஒரு முனையில் குழம்பு பட்டிருக்கிறது. 'செக்கரியா என்ற ஒரே மாமனிதரின் நெடிய வாழ்வை' என்று தொடங்குகிறது. நல்ல தமிழ். அச்சகத்துக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாதம் முடிய நான்கு நாள் இருக்கிறது. அதை அப்படியே போடுவதா, 'ஒரே' என்பதை அடித்துவிட்டுப் போடுவதா, அணிந்துரையே இல்லாமல் ரசீதுப் புத்தகம் மாதிரி விடுவதா என்று அருள்சாமி என்னிடம் கேட்டார். நான் உங்களிடம் கேட்கலாம் என்று இருக்கிறேன். முதல் பக்கத்து விதி இப்போது உங்களுக்கும் தெரியும். முனைவரைவிட நீங்கள் தகுதியானவர். ஆனால் முடிவைச் சொல்லுமுன் இதையும் படித்துவிடுங்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

9

அன்று ஏன் பேசவில்லை என்று அருள்சாமியிடம் கேட்டேன். தொண்டை கட்டியிருந்தது என்றார். கண்ணம்மாளிடம் கேட்டேன்.

"தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஊட்டுக்கு வந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டாருங்க. நான் பயந்தே போயிட்டேன்" என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பேர் சொல்லி என்ன கேட்டார் என்றேன்.

"நீயும் கவனிக்கலையான்னு கேட்டாருங்க."

எதை என்று அவளுக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள், செக்ரோலில் எத்தனை பத்திகள் என்று கதையில் சரியாக எழுதுவதற்காக எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். அருள்சாமி இல்லை. பழம் நிறுக்கும் இடத்துக்குப் போயிருந்தார். செக்ரோல் மேசையில் இருந்தது. புரட்டினேன். முத்தான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

பழைய செக்ரோல் ஒன்றும் பக்கத்தில் கிடந்தது. அதில் மூத்தவரான சென்னம்மாள்-1இன் கடைசி டிக், நாலு வருடத்துக்கு முந்தைய நவம்பர் பதினான்காம் தேதி. வேலையை விட்டுச் சேலத்தில் மகன் வீட்டோடு போய்விட்டார் என்று குறிப்பு இருந்தது. பச்சை நோட்டில் அதே வாரத் தேதி போட்ட பக்கம் எனக்கு நினைவிருந்தது. எஸ்ராவோடு பாபிலோனிலிருந்து திரும்பிய இரண்டு செக்கரியாக்களில் யார் ஒன்று, யார் இரண்டு என்று அருள்சாமி தீர்மானித்தது அந்த வாரத்தில்தான்.

எஸ்டேட்டில் இப்போது இருப்பது ஒரே ஒரு சென்னம்மாள். செக்ரோலில் அவள் எண் இன்னும் 2.